பாதிச் சட்டம்: வீட்டு வடிகாலும் வீதிக் குழாயும்

கழிவுநீர் பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் தவறாது கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. 'வீதியிலே குழாய் பதித்துக் கொடுத்தாலும் சனங்கள் தமது வீட்டு வடிகாலை அதனோடு இணைக்க முன்வருவதில்லை. அவர்களுக்குச் சுகாதார உணர்வு போதாது' என்பதே அம்முறைப்பாடு. அதிகாரிகள் இதனைச் சொல்கின்றனர், பொறியியலாளர் சொல்கின்றனர், படித்த நடுத்தர வர்க்கத்தினர் தலையசைத்து ஆமோதிக்கின்றனர். குற்றவாளி யார் என்பது விசாரணைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. குழாயோரத்திலே குடியிருந்தும் குழியையே நம்பி வாழும் வீட்டுரிமையாளரே அக்குற்றவாளி.

இத்தீர்ப்பு மீள் விசாரணைக்கு உரியது. பொதுக் குழாயோடு இணைந்துகொள்ளுமாறு வீட்டுரிமையாளரைப் பணிக்கும் விதி, அப்பணிப்புக்கு ஈடாக ஆட்சி நிறைவேற்றவேண்டிய கடமைகளையும் உடன்கூறல் வேண்டும். கூறாதவிடத்து அது பாதிச் சட்டமேயாகும். பாதிச் சட்டத்தை வைத்துக்கொண்டு முழுக் கீழ்ப்படிவை எதிர்பார்ப்பதும், அது கிட்டாதபோது மக்களின் அறியாமையைப் பழிப்பதும் நேர்மையாகா. சட்டத்தின் மறுபாதி எங்கே போயிற்று என்ற வினாவே முதலில் எழுப்பப்படவேண்டியது.

விதி கூறுவது யாது?

இலங்கையின் உள்ளூராட்சி அமைப்பைத் தாங்கிநிற்கும் பழைய சட்டங்களான 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டமும், 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச்சட்டமும், 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச்சட்டமும் பிரித்தானிய ஆட்சிக்காலத்திற் பிறந்தவை. வடிகால் பற்றிய அவற்றின் சிந்தனை ஆங்கிலப் பொதுச்சுகாதாரச் சட்டங்களின் மரபைத் தழுவியது. ஆகவே தாய்ச்சட்டம் யாது கூறிற்று என்பதை முதலில் நோக்குதல் பொருந்தும்.

1848ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொதுச்சுகாதாரச் சட்டமும், அதனை விரித்துத் தொகுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டமும் ஓர் அளவுகோலை வகுத்தன. வீட்டிலிருந்து நூறு அடிக்குள் பொதுக் குழாய் இருக்குமாயின், வீட்டு வடிகால் அக்குழாயிலே சென்று சேரவேண்டும். நூறு அடிக்குள் குழாய் இல்லையெனின், வீட்டின் அடியில் அமையாத, மூடப்பட்ட குழியொன்றிலே கழிவு விழலாம். வீட்டுரிமையாளர் பணிப்பை நிறைவேற்றத் தவறின், உள்ளூராட்சி மன்றம் அவ்வேலையைத் தானே செய்து செலவை அவரிடம் அறவிடலாம்.

இவற்றோடு வேறு பல நுட்ப விதிகளும் சேர்ந்தன. வடிகால் போதிய சரிவோடு செல்லவேண்டும். வளைவுகளிலே பார்வைக்குழி அமைக்கவேண்டும். குழாயின் நச்சுவாயு வீட்டினுட் புகாதவாறு வளைகுழாயில் நீர் தேங்கி நின்று அடைப்பாகவேண்டும். சமையலறைக் கொழுப்பும் கந்தையும் குழாயிற் சேரலாகாது. மழைநீர் கழிவுநீரோடு கலக்கலாகாது.

இவை யாவும் அலுவலகச் சடங்குகள் அல்ல. மழைநீர் விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே அதன் நியாயம் விளங்கும். ஐவர் கொண்ட குடும்பமொன்று ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வீதம் கழிவுநீர் வெளியேற்றுமெனின், அக்குடும்பத்தின் ஒருநாட் கழிவுநீர் 600 லீற்றர். அதே வீட்டின் கூரை ஆயிரஞ் சதுர அடி பரப்புடையதெனின், மணிக்கு இரண்டு அங்குலம் பெய்யும் மழையில் அக்கூரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வழியும் நீர் ஏறத்தாழ 4,700 லீற்றர். கூரைப் பீலியைக் கழிவுக் குழாயோடு இணைத்துவிட்டால், ஏறக்குறைய எட்டு நாட் கழிவுநீருக்குச் சமமான வெள்ளம் ஒரே மணி நேரத்திற் குழாயுட் புகும். பருவமழை பொழியும் நாட்டிலே பத்து வீட்டார் இவ்வாறு செய்தால், பள்ளத்தில் வாழும் பதினோராவது வீட்டாரின் மலசலகூடத்தின் வழியே ஊரின் கழிவு பொங்கிவரும்.

எனவே விதிகள் வேண்டியதில்லை என்பது இங்கு வாதமன்று. ஒரு வீட்டின் வடிகால் மறுவீட்டின் நலத்தோடு பிணைந்திருத்தலின், விதி இன்றியமையாதது. அவ்விதி யாருடைய தோளிலே எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்பதே விவாதத்துக்குரியது.

இலண்டன் கற்பித்த பாடம்

இணைப்பைக் கட்டாயமாக்கிவிட்டு மறுபாதியை மறந்த ஆட்சி எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு இலண்டன் நகரின் வரலாற்றிலும் சிறந்த சான்று வேறில்லை. 1815ஆம் ஆண்டுவரை அந்நகரின் வீட்டு மலக்கழிவைப் பொதுக் கால்வாயில் விடுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. கால்வாய் மழைநீருக்கே உரியதாயிருந்தது. மலம் வீட்டுக் குழிகளில் தேங்கிற்று. 1815இல் இணைப்பு அனுமதிக்கப்பட்டது. எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கை குழிகளின் கேட்டை நாடறியச் செய்தது. 1847இல் இணைப்புக் கட்டாயமாயிற்று. அதனையடுத்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 30,000 மலக்குழிகள் ஒழிக்கப்பட்டன.

விதி வென்றது; மக்கள் கீழ்ப்படிந்தனர். விளைந்தது யாது? குழிகளில் தேங்கியிருந்த மலம் முழுவதும் தேம்சு நதியிலே சேர்ந்தது. குடிநீர்க் கம்பனிகள் பல அதே நதியிலிருந்தே நீரெடுத்து வீடுகளுக்கு வழங்கின. 1848, 1849ஆம் ஆண்டுகளின் கொலரா இலண்டனில் 14,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் மீண்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொலராவின் காரணம் நீரே என்பதை ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் 1854இல் எடுத்துக்காட்டியபோதும் ஆட்சியாளர் எளிதில் ஏற்றாரல்லர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்ற மண்டபத்தினுள்ளேயே புகுந்தது. உறுப்பினரின் மூக்குக்கு எட்டிய பின்னரே ஏழைகளின் வயிற்றுக்கு வழி பிறந்தது. அவ்வாண்டே சட்டம் நிறைவேறிற்று. யோசப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளர் கழிவுநீரை நகருக்குக் கீழே கொண்டுசெல்லும் 82 மைல் நீளமான இடைமறிப்புக் குழாய்களை அமைக்கலானார்.

1866இல் கொலரா மீண்டும் வந்தபோது, புதிய தொகுதி இயங்கிய பகுதிகள் பெரிதும் தப்பின. வேலை முற்றுப்பெறாதிருந்த, தொழிலாளர் வாழ்ந்த கிழக்கு இலண்டனே பலியாயிற்று.

இவ்வரலாற்றைச் சட்விக்கின் வெற்றியாகவும் பசல்ஜெற்றின் வெற்றியாகவும் கூறுவது வழக்கம். அதன் நடுவிலே மறைந்துகிடக்கும் தோல்வியைக் கூறுவோர் குறைவு. இணைக்கும் கடமை மக்கள்மேற் சுமத்தப்பட்டு, இணைத்த கழிவு எங்கே போகும் என்பதற்குப் பொறுப்பாளர் இல்லாதிருந்த ஆண்டுகளே அந்நகரின் கொடிய ஆண்டுகள். குழாயின் வாய்க்கு விதி இருந்தது. வாலுக்கு விதி இருக்கவில்லை.

செலவு யாருடையது?

நூறடி விதியின் இன்னொரு கூறும் இங்கு கவனிப்புக்குரியது. உரிமையாளரிடமிருந்து செலவை அறவிட அதிகாரம் வழங்கிய அதே 1875ஆம் ஆண்டுச் சட்டம், அச்செலவை முப்பது ஆண்டுகள்வரை பகுத்து, ஐந்து சதவீதத்துக்கு மேற்படாத வட்டியோடு வரியாக அறவிடவும் வழிசெய்திருந்தது. வாடகைக்கு இருப்பவர் அவ்வரியைச் செலுத்த நேரின், அதிலொரு பகுதியை வாடகையிற் கழித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருந்தது. அச்சட்டம் ஏழைகளின் மேற் கொண்ட அன்பினாற் பிறந்ததன்று. எனினும், ஒரே தவணையிற் செலுத்த இயலாதவனைக் கட்டாயப்படுத்துவதாற் பயனில்லை என்ற உலகியலறிவு அதனை ஆக்கியோருக்கு இருந்தது.

இன்றைய நடைமுறையிலே காணப்படுவது யாது? குழாய் வீதியின் நடுவிலே செல்கிறது. வீட்டு எல்லையிலிருந்து அதுவரையுள்ள துண்டின் செலவு, வீதியை வெட்டி மூடும் செலவு, வீட்டினுள்ளே பழைய குழாய்களை மாற்றியமைக்கும் செலவு, விண்ணப்பக் கட்டணம் ஆகியன பொதுவாக வீட்டுரிமையாளரின் தலையிலேயே விழுகின்றன. அத்தனையும் முற்பணமாக. குழியோ ஏற்கெனவே வெட்டப்பட்டு, செலவும் தீர்ந்து, முற்றத்திலே இருக்கிறது. மாதச் சம்பளத்தில் அரிசியும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் போக மீதியைக் கணக்கிடும் ஒரு குடும்பத்தலைவி, நிரம்பாத குழியைக் கைவிட்டுக் கடன்பட்டு வீதியை வெட்டுவாளாயின் அதுவே வியப்பாகும். சுகாதார உணர்வு அவளிடம் குறைவில்லை, காசுதான் குறைவு.

அத்துண்டுக் குழாய் யாருடையது என்ற வினா சிறிதன்று. இங்கிலாந்திலேயே நீண்டகாலமாக, வீட்டெல்லைக்கு வெளியே வீதியின் கீழ்ச் செல்லும் இணைப்புத் துண்டைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டுரிமையாளருக்கே இருந்தது. 2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி அப்பொறுப்பு கழிவுநீர்க் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டது. நூறடி விதியைப் படைத்த நாடே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்றபின், தனியார் பொறுப்பு தனியார் எல்லையிலே முடியவேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. பெற்ற சட்டத்தை மட்டும் பேணி, அச்சட்டம் பின்னர் கற்ற பாடத்தைக் கைவிடுவது எவ்வகைச் சிக்கனம்?

இவ்விடத்திலே எதிர்வாதம் ஒன்று எழும். அரசிடம் பணமில்லை, மக்கள் தாமே செய்துகொள்வதே வழி, கராச்சியைப் பாருங்கள் என்பர் சிலர். கராச்சியை நன்றாகவே பார்க்கலாம். அந்நகரின் ஒறங்கிப் பகுதியில் 1980ஆம் ஆண்டு அக்தர் ஹமீத் கான் தொடக்கிய முன்னோடித் திட்டத்தின்கீழ், ஒழுங்கைதோறும் மக்கள் ஒன்றுகூடி, தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, தம் பணத்திலே ஒழுங்கைக் குழாயை அமைத்தனர். ஏழைகள் அறியாமையாற் கழிவுக்குள் வாழ்கின்றனர் என்ற பழிச்சொல்லுக்கு அதுவே தக்க மறுமொழி. ஆயின் அத்திட்டத்தார் வேலையை இரண்டாகப் பிரித்தனர் என்பதை எதிர்வாதிகள் சொல்லாது விடுகின்றனர். வீட்டு மலசலகூடமும் ஒழுங்கைக் குழாயும் மக்களின் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. மேலும், அங்கு செலவு வீட்டுக்கு வீடு தனியே விழவில்லை. ஒழுங்கை முழுவதும் சேர்ந்தே அதனைத் தாங்கிற்று. கராச்சி உணர்த்தும் உண்மை பொறுப்புப் பகிர்வேயன்றி, அரசின் விடுதலையன்று.

குழிக்குள் இறங்குபவர்

இணைப்பு விதிகள் பற்றிய விவாதங்களில் முற்றாக மறக்கப்படும் மனிதர் ஒருவர் உளர். குழாய் அடைபடும்போது ஆளிறங்கு குழியைத் திறந்து உள்ளே செல்லும் சுத்திகரிப்புத் தொழிலாளரே அவர். கொழுப்பும் கந்தையும் குழாயிற் சேரலாகாது என்ற விதி மீறப்படும் ஒவ்வொரு தடவையும் அதன் தண்டனையை மீறியவர் அனுபவிப்பதில்லை; இவரே அனுபவிக்கிறார். தேங்கிய கழிவில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு வாயு மிகுந்த செறிவில் மூக்கை முதலில் மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணுகையிலேயே மூச்சு நின்றுவிடலாம். இந்தியாவிலே 2013ஆம் ஆண்டு இத்தொழிலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிய பின்னரும் குழிக்குள் மாண்டோர் பலர்.

கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களின் மலத்தை வாளிகளிற் சுமப்பதற்கென்றே பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டனர். வாளி ஒழிந்தது, ஆயின் நகரின் அழுக்கைத் தொடுவோர் இன்னார்தாம் என்ற எண்ணம் ஒழிந்ததா? விதியை மீறுவோர் வேறு, விலை கொடுப்போர் வேறு என்றிருக்கும்வரை விதி மதிக்கப்படாது. உணவகங்களும் விடுதிகளும் கொழுப்புப் பொறி வைத்திருக்கின்றனவா என்று பரிசோதியாத மன்றம், வாயுவை அளக்கும் கருவியோ மூச்சுக்கவசமோ இன்றித் தொழிலாளரைக் குழிக்குள் இறக்குமாயின், விதியைப் பற்றிப் பேசும் தகுதியை அது இழந்துவிடுகிறது.

வாவியும் கிணறும்

ஈழநாட்டின் நிலையைச் சுருக்கமாக நோக்குமிடத்து, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயரிலேயே இரண்டு பணிகள் இணைந்துள்ளன. அவற்றுள் முதற்பணி நாட்டு மக்களுட் பாதிக்கு மேற்பட்டோரை எட்டியுள்ளது. குழாய்வழிக் கழிவுநீர்த் தொகுதியோடு இணைந்தோரோ நூற்றுக்கு மூவரிலும் குறைவு. வீட்டுக்குக் குழாயிற் செல்லும் நீரிற் பெரும்பகுதி கழிவாகத் திரும்பியே தீரும். செல்லும் வழியை அமைத்துத் திரும்பும் வழியை அமையாதுவிட்டால், அந்நீர் தானே வழி தேடும்.

அது தேடிக்கொண்ட வழியைக் கொழும்பின் பேரை வாவியிலே காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே கழிவுநீர்க் குழாய்களைப் பெற்ற நகரம் கொழும்பு. இருந்தும் அனுமதியற்ற இணைப்புகளின் மூலம் மழைநீர்க் கால்வாய்களிற் சேரும் கழிவு வாவியைப் பச்சையாக்கி நாற்றமெடுக்கச் செய்கிறது. இத்தகைய இணைப்பைத் திருட்டு இணைப்பு என்று கூறித் தண்டம் விதிக்கலாம், விதிக்கவும் வேண்டும். ஆயினும் மழைநீர்க் கால்வாய் வாசலிலே திறந்து கிடக்கிறது. அதற்கு விண்ணப்பமில்லை, கட்டணமில்லை, காத்திருப்புமில்லை. முறையான இணைப்பைக் கடினமாக்கி முறைகேடான இணைப்பை எளிதாக்கி வைத்துவிட்டு மக்களின் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிப்பது வீண். பொதுமலசலகூடத்தின் முன் காலையில் வரிசையில் நிற்கும் தோட்டத்து மக்களுக்கோ இணைப்பதற்கென்று சொந்த வடிகாலே இல்லை. நூறடி விதியின் கண்களுக்கு அவர்கள் தென்படுவதுமில்லை.

கண்டியிலே வாவியிலிருந்து புறப்படும் மெத எல நகரின் கழிவைச் சுமந்து மகாவலியிற் சேர்ந்துவந்தது. யப்பானியக் கடனுதவியோடு கன்னொறுவையிற் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டமை பாராட்டுக்குரியது. அங்கேனும் குழாயின் வாலுக்கு விடை கிடைத்துள்ளது. அந்நிலையத்தை நோக்கிச் செல்லும் குழாய்களோடு வீடுகள் எவ்வளவு விரைவில் இணைகின்றன என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும். இணைப்புச் செலவை யார் தாங்குவது என்பதே அவ்விரைவைத் தீர்மானிக்கும்.

யாழ்ப்பாணத்திலோ நூறடி அளவுகோலுக்கே பொருளில்லை. அங்கு பொதுக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வற்றாத ஆறும் இல்லை. வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கல்லின்கீழ்த் தேங்கும் மழைநீரே குடாநாட்டின் உயிர். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறும் ஒரு குழியும். வளவுகள் பங்கிடப்பட்டுச் சுருங்கச் சுருங்க அவை இரண்டும் நெருங்குகின்றன. தன் குழிக்கும் தன் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கும் வீட்டார், வேலிக்கு அப்பாலுள்ள அயலாரின் குழி தம் கிணற்றுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதை அளப்பதில்லை. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிகளின் ஊறலும் சேர்ந்து, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று தாண்டச் செய்துள்ளன. அவ்வெல்லை புட்டிப்பால் அருந்தும் சிசுக்களைக் காப்பதற்கென வகுக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நெருக்கமான நகர்ப்பகுதிக்கேனும் குழாய்த் தொகுதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது வரும்வரை குழிகளைப் பற்றிய பொறுப்பு தனியாருடையதே என்று கைகழுவிவிடுதல் தகாது. நீர் கசியாத தாங்கி, காலந்தவறாத வெளியேற்றல், வெளியேற்றிய மலத்தைச் சுத்திகரிக்கும் இடம் ஆகிய மூன்றும் நிலத்துக்கு மேலே ஓடும் குழாய்த் தொகுதியேயாம். மலக்குழியை வெறுமையாக்கும் பவுசர், ஏற்றிய சுமையை ஒதுக்குப்புறத்து வெளியிலே கொட்டுமாயின், விதிக்கு அமைந்த வீட்டாரும் விதியை மீறிய வீட்டாரும் பயனால் ஒருவரே.

மறுபாதி

ஆகவே உள்ளூர் விதிகள் திருத்தப்படும்போது மறுபாதியும் அவற்றிலே எழுதப்படல் வேண்டும். முதலாவதாக, வீட்டெல்லைவரை இணைப்புத் துண்டை அமைத்துப் பராமரிப்பது பொதுமன்றத்தின் கடமையென்று வரையறுக்கப்படவேண்டும். இரண்டாவதாக, வீட்டினுள்ளே செய்யவேண்டிய வேலைக்கான செலவு பல ஆண்டுகளுக்குப் பகுக்கப்பட்டுச் சோலைவரியோடு சேர்த்து அறவிடப்படவேண்டும். வாடகைக் குடியிருப்பாளர்மேல் அது சரியலாகாது. மூன்றாவதாக, சுத்திகரிப்புக்கு இடமின்றி எப்பகுதியிலும் இணைப்பைக் கட்டாயமாக்கலாகாது. நான்காவதாக, பொறியும் கவசமும் இன்றித் தொழிலாளரைக் குழிக்குள் அனுப்பும் அதிகாரி தண்டத்துக்கு உரியவராகவேண்டும். இவை நிறைவேறிய பின்னரும் இணைய மறுப்போர்மேற் சட்டம் தன் முழுக் கடுமையோடும் பாயட்டும். அப்போது அதனைக் குறைகூறுவார் எவருமிரார்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்போர், இப்போதும் பணம் செலவாகிக்கொண்டே இருக்கிறது என்பதைக் காணத் தவறுகின்றனர். மருத்துவமனைக் கட்டிலிலும், போத்தலில் அடைத்து விற்கப்படும் குடிநீரிலும், கொதிக்கவைக்கும் அடுப்பின் விறகிலும், வாவியைத் துப்புரவாக்கும் ஓயாத திட்டங்களிலும் அப்பணம் நாள்தோறும் கரைகிறது. அதனைச் செலுத்துவோர் வீட்டாரே. வரவுசெலவுத் திட்டத்திலே அது எழுதப்படாதிருப்பதால் இல்லையென்றாகிவிடாது.

வீட்டு வடிகாலும் வீதிக் குழாயும் சந்திக்கும் அந்த ஒரு மூட்டிலேதான் குடிமகனும் ஆட்சியும் சந்திக்கின்றனர். அம்மூட்டு ஒரு பக்கத்தால் மட்டும் இறுக்கப்படுமாயின் கசிந்தே தீரும். கசிவது கிணற்றுக்குள்.